ரஸ்க் ஓட்டிய கார்

புட்டிப்பால் கொடுத்து ஆட்டுக்குட்டி வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டி வளர்ந்த பிறகு தன்னை ஆடு என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கும் நாற்காலி வேண்டும். நீங்கள் கதவைத் திறந்தால் உங்களுக்கு முன்னால் அது உள்ளே போகும். வெளியே கட்டிப்போட்டால், ஏதோ ஆள் மாறாட்டத்தில் நடந்த தவறு என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் வந்து அவிழ்த்துவிடும்வரை தெருவையே கூப்பிட்டு நியாயம் கேட்கும்.

எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஆண் குட்டியின் பெயர் ரஸ்க், பெண் குட்டியின் பெயர் சேமியா. அத்தாவுக்கு (எங்கள் அப்பா) மரக்காணம் கடைத்தெருவில் மளிகைக்கடை இருந்ததால் எங்களுக்கு வேறு பெயர்கள் தோன்றவில்லை. எங்கள் வீடு ஊர்க்கோடியில், உப்பளத்தை ஒட்டி. அடுத்த வீட்டு செல்வி அக்கா அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தார். அவருடைய ஆடு குட்டி போட்ட கையோடு செத்துப்போக, இரண்டு குட்டிகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, “நஸி, நீ காலேஜ் முடிச்சிட்டு சும்மாதானே இருக்குற, இதுங்களுக்குப் பால் குடு” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார். (நான் சும்மா இருக்கவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.)

சேமியா வெள்ளையாய், ஒல்லியாய், பார்ப்பதற்குப் பரம சாது. திட்டம் போடுவது அதுதான். ரஸ்க் பழுப்பு நிறம். சீக்கிரமே தாடி முளைத்துவிட்டது. அது செயல்வீரன். உப்பளத்துப் பக்கம் இருந்ததாலோ என்னவோ இரண்டுக்கும் உப்பு என்றால் உயிர். சுவரை நக்கும், ஸ்கூட்டர் சீட்டை நக்கும், தூங்கிக்கொண்டிருப்பவரின் வியர்த்த கழுத்தை நக்கும். மதியம் அசந்து தூங்கிய அம்மா, எத்தனை தடவை “யாரு அது” என்று அலறி எழுந்திருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. கீற்று போட்டு மூடி வைத்திருக்கும் உப்புக் குவியல்மேல் ஏறி உச்சியில் நின்றுகொண்டு, ஊரையே விலைக்கு வாங்கியவர்கள்போல் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். செல்வி அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆடுகள் அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பக்ரீத்துக்கு முன்னாலும் யாராவது ஒருவர் அத்தாவிடம் வந்து ரஸ்க்கைப் பார்த்தபடி, “என்ன பாய், நல்லா தேறிட்டான் போல” என்று ஆரம்பிப்பார். அத்தா தராசைத் துடைத்துக்கொண்டே, “அது ஆடு இல்லப்பா, நம்ம நஸியோட ஃபிரண்டு” என்று சொல்லி அனுப்பிவிடுவார். இத்தனைக்கும் அவருடைய வெள்ளிக்கிழமைத் தொப்பியைத் தின்றது ரஸ்க்தான்.

இந்தச் சமயத்தில்தான் குவைத்தில் வேலை செய்த என் அண்ணன் சலீம், லீவில் வந்தபோது ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். வாங்கி, ஊர் முழுக்க ஒரு சுற்று வந்து, துணி போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். போவதற்கு முன் எனக்கு ஓர் உத்தரவு. “வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஓட விடு. இல்லன்னா பேட்டரி படுத்துடும். ஸ்டார்ட் மட்டும்தான். கியர்ல கை வெக்காத.”

கியரில் கை வைக்காதே என்றால் எனக்குக் கோபம் வரும். திண்டிவனம் போய் டிரைவிங் கற்றுக்கொண்டேன், லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். கற்றுக்கொடுத்த மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தன. அந்தப் பயிற்சி முழுக்க வண்டியை நிறுத்தியது நானா அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவர் “விடும்மா, நான் பாத்துக்கிறேன்” என்றதால் ரிவர்ஸ் என்ற ஒன்று எனக்கு வரவே இல்லை. முன்னால் போவதற்குத்தானே கார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை காரை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். மரக்காணத்துச் சித்திரை வெயிலில் அதைவிடப் பெரிய சுகம் கிடையாது. இதை ஆடுகளும் கண்டுபிடித்துவிட்டன. கார் உறுமும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும். பின் கதவைத் திறந்தால் ஏறி, சீட்டில் முழங்காலை மடித்துப் படுத்து, ஏசிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். அண்ணன் வீடியோ காலில் “கார் எப்படி இருக்குது” என்று கேட்டால், “சூப்பரா இருக்குது” என்பேன். யாருக்கு என்று சொன்னதில்லை.

அடுத்த லீவில் அண்ணனுக்கு நிச்சயம் முடிவாயிற்று. பெண் ஷாஹினா, கோட்டக்குப்பத்துக்காரி. பெண்ணின் அத்தா ஹமீது மாமா ரிட்டயரான ஹெட்மாஸ்டர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று புரோக்கரே சொல்லியிருந்தார். முதல் தடவை அத்தாவும் அம்மாவும் போய்ப் பேசியபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, “குடும்பத்துல ஒழுங்கு இருக்குதா? எனக்கு அது ஒண்ணுதான்” என்றாராம். அம்மா அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒழுங்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆடுகளைப் பற்றி அந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அத்தாவுக்குத் தனியாகச் சொல்லிவைத்திருந்தார்.

நிச்சயத்தன்று காலை வேன் ஒன்று வந்தது. சொந்தக்காரர்கள் ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். சீர்த் தட்டுகளுக்கு இடம் இல்லை. அதைக் காரில் எடுத்துப் போகலாம் என்று முன்பே ஏற்பாடுதான். ஆனால் சொல்லிவைத்த ஆக்டிங் டிரைவர் ஃபோன் செய்து, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றுவிட்டார். மாப்பிள்ளை தன் நிச்சயத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மா தடுத்தார். (முன்பெல்லாம் மாப்பிள்ளை நிச்சயத்துக்கே வரமாட்டாராம். இப்போது அவர் வராவிட்டால் ஃபோட்டோகிராஃபர் கோபித்துக்கொள்கிறார்.)

“நான் ஓட்டுறேன்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் என் முகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தான். ஸ்பேர் சாவி அவன் பாக்கெட்டிலேயே இருந்தது. “பாத்து வா. நாற்பதுக்கு மேல போகாத” என்றான். பாவம், நான் முப்பதையே அதுவரை தொட்டதில்லை.

எனக்குத் துணை ஜமீலா சின்னம்மா. அம்மாவின் தங்கை. பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று வேனில் ஏற மறுத்தவர். மோதிரப் பெட்டி அவர் கைப்பையில் இருந்தது. அவர் ஃபோன் வேனில் போன பேரனிடம் இருந்தது, கேம் விளையாட. வேன் கிளம்பியதும் நானும் சின்னம்மாவும் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காரின் பின் சீட்டிலும் அதற்குப் பின்னாலும் அடுக்கினோம். மாலை, மல்லிகைப் பந்து, வெற்றிலை பாக்கு, ஆப்பிள், திராட்சை, வாழைப்பழம், பேரீச்சை, கருப்பு உலர்திராட்சை, கண்ணாடி வளையல், புடவை. எல்லாவற்றுக்கும் மேலே பளபளக்கும் கண்ணாடிப் பேப்பர், ரிப்பன். பூ வாடக் கூடாது என்று இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுவைத்தேன். சின்னம்மா செருப்பைக் காணோம் என்று தேட, நானும் உள்ளே போய்த் தேடினேன். காரின் பின் கதவு திறந்து கிடந்தது.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. செருப்பு கிடைத்த அவசரத்தில் வந்து, பின் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்திவிட்டு, “பிஸ்மில்லாஹ்” சொல்லிக் கிளம்பினேன்.

பெரிய ரோட்டுக்குப் போக எங்கள் வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். அதுதான் எனக்கு வராதே. அதனால் நேராக உப்பளத்துக்குள் போகும் சின்ன ரோட்டில் போய், சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. தூரத்தில் வேலையாட்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். கடல்காற்று, வெயில், புது உடுப்பு, என் கையில் ஸ்டியரிங். ராணி மாதிரிதான் இருந்தது.

“நஸி, பின்னால ஏதோ சத்தம் கேக்குது” என்றார் சின்னம்மா.

“ரிப்பன் ஆடும் சின்னம்மா.”

“நறநறன்னு கேக்குதுடி.”

“கியர் பாக்ஸ் அப்படித்தான்” என்றேன், மெக்கானிக் மாதிரி.

சின்னம்மா திருப்தி அடைந்தவராய்க் கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்தார். அப்போது அவர் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் கியர் பாக்ஸ் தலையை நீட்டியது. வாயில் மல்லிகைச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. தாடியில் ஜிகினா.

பிரேக்கை மிதித்தேன். (இந்த முறை நான்தான் மிதித்தேன், சந்தேகமே இல்லை.) வண்டி ரோட்டின் நடுவில் குலுங்கி நின்றது. சின்னம்மா கதவைத் திறந்து இறங்கி, ரஸ்க் தன் பின்னால் வந்துவிடாமல் கதவை ஓங்கிச் சாத்தினார். நானும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, என் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கமாக ஆடுகளை இழுத்துப்போட ஓடினேன். பின் கதவைத் திறந்ததும் இரண்டும் முன் சீட்டுக்குத் தாவின. சரி, முன்னால் போய்ப் பிடிக்கலாம் என்று பின் கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஓடினேன். டிரைவர் சீட்டில் ஏறிய ரஸ்க், வெளியே என்னைப் பார்த்துக் குஷியாகிக் கதவின்மேல் முன்காலை வைத்தது.

‘டிக்.’

அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. என் ஃபோன் உள்ளே, டாஷ்போர்டு ஸ்டாண்டில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ரஸ்க் டிரைவர் சீட்டில். சேமியா சின்னம்மாவின் சீட்டில், திராட்சைக் கொத்தோடு. நானும் சின்னம்மாவும் நடு வெயிலில்.

பின்னாலேயே ஓர் உப்பு லாரி வந்து நின்றது. அந்த ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். ரஸ்க் ஸ்டியரிங்கின்மேல் காலை வைத்துப் பதில் ஹாரன் அடித்தது. லாரி டிரைவர் இறங்கி வந்து, “ஏம்பா, வண்டிய எடு” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலில் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்து என்னிடம், “ஹேண்ட் பிரேக் போட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“போட்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

அவர் போய் லாரியிலிருந்து கட்டையை எடுத்துவந்து கார் டயர்களுக்கு முன்னால் வைத்தார். ரோடு அந்த இடத்தில் பாத்திப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாளைக்கு அண்ணன் காரை உப்புத் தண்ணீரிலிருந்து கயிறு கட்டி இழுக்கும் காட்சி என் கண்முன்னால் ஓடியது. அதற்கப்புறம் நான் உயிரோடு இருக்கும் காட்சி எதுவும் ஓடவில்லை.

செல்வி அக்காவும் கூட வேலை செய்யும் பெண்களும் புடவைக்கு மேல் போட்ட முழுக்கைச் சட்டையோடு ஓடி வந்தார்கள். செல்வி அக்கா ஜன்னலுக்குள் பார்த்து, “அடப்பாவிங்களா, ஏசியில இருக்குதுங்க” என்றார். அதில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. பெற்றெடுத்த வீடு அவருடையதல்லவா.

எந்த பட்டனைக் கால் வைத்து மூடியதோ அதையே மறுபடி அமுக்கினால் கதவு திறக்கும் என்று லாரி டிரைவர் சொன்னார். உடனே ரஸ்க்கை அந்தக் கதவுப் பக்கம் வரவழைக்கும் முயற்சி தொடங்கியது. ஒருவர் வேப்பங்கொத்து காட்டினார். ஒருவர் கை நிறைய உப்பை ஜன்னலருகே நீட்டினார். நான் “ரஸ்கு, செல்லம், அந்தக் காலை இங்க வையேன்” என்று கண்ணாடியில் தட்டிக் கெஞ்சினேன். ரஸ்க் என் கை இருந்த இடத்தைக் கண்ணாடிக்கு உள்பக்கம் பாசத்தோடு நக்கியது. கால் மட்டும் மற்ற எல்லா பட்டன்மேலும் பட்டது. வைப்பர் ஓடியது. வைப்பருக்குத் தண்ணீர் பீய்ச்சியது, லாரி டிரைவரின் முகத்தில். இன்டிகேட்டர் எரிந்தது. சேமியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெற்றிலைக்கு மாறியது.

“அண்ணனுக்கு ஃபோன் போடும்மா” என்று லாரி டிரைவர் தன் ஃபோனை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் சொந்த அண்ணனின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. சின்னம்மாவைப் பார்த்தேன். “எனக்கு எப்படிடி தெரியும்? பேரன் போட்டுத் தருவான், நான் பேசுவேன்” என்றார். அத்தா நம்பரில் கடைசி ஐந்து எண்கள் தெரியும். முதல் ஐந்து தெரியாது. செல்வி அக்காவின் ஃபோன் அவர் வீட்டில் இருந்தது. பட்டம் வாங்கிய பெண் நான்.

“கண்ணாடிய உடைச்சிடலாமா?” என்றார் லாரி டிரைவர், ஆசையாக.

அப்போதுதான் காருக்குள் என் ஃபோன் அடித்தது. வீடியோ கால். ‘சலீம் அண்ணன்’ என்று திரையில் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தோம். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. திரை வெளிச்சத்தைப் பார்த்துச் சேமியா டாஷ்போர்டில் முன்காலை ஊன்றி எழுந்தது. மோந்து பார்த்தது. என் விரல் வியர்வை அதில் உப்பாக இருந்திருக்க வேண்டும். கீழிருந்து மேலாக ஒரே நக்கு.

கால் கனெக்ட் ஆகிவிட்டது.

ஃபோன் காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. அதனால் அண்ணனின் குரல் கண்ணாடியைத் தாண்டி உப்பளம் முழுக்கக் கேட்டது. வேன் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் கூட்டத்தின் பேச்சுச் சத்தம். அண்ணன் யாரிடமோ பெருமையாக, “எங்க தங்கச்சியே கார் ஓட்டிட்டு வர்றா மாமா, நீங்களே பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரையைப் பார்க்காமலேயே ஃபோனைக் கொடுத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. கொடுத்தது ஹமீது மாமாவிடம். அவர் மூக்குக்கண்ணாடியை உள் ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

“மாஷா அல்லாஹ்” என்றது ஹெட்மாஸ்டர் குரல். “எங்கம்மா வந்துட்டு இருக்குறீங்க?”

“ம்மே” என்றது ரஸ்க்.

“சத்தம் சரியா வரல. மெதுவாவே வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் எல்லோர் காதிலும் தெளிவாக விழும்படி, “ஏம்பா சலீம், தப்பா எடுத்துக்காத. தங்கச்சிக்குத் தாடி இருக்குதே” என்றார்.

என் பக்கத்தில் நின்ற செல்வி அக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரி டிரைவர் லாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஃபோனுக்குள் அண்ணன் “குடுங்க மாமா, குடுங்க” என்று பதறுவது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியில் நான் அண்ணனின் கல்யாணம், குடும்ப மானம், என் எதிர்காலம் எல்லாவற்றையும் வரிசையாகப் பாத்தித் தண்ணீரில் இறக்கிவிட்டேன்.

அப்புறம் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்க நினைத்து, முடியாமல் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. அதுதான் ஷாஹினா அண்ணி. அதுவரை அண்ணனும் அவரும் பேசியதெல்லாம் “சாப்பிட்டீங்களா”, “சாப்பிட்டேன்” அளவில்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட நிமிஷத்தில்தான் இந்தப் பெண்தான் என்று தோன்றியது என அண்ணன் பல தடவை சொல்லியிருக்கிறான். எனக்கு மட்டும் அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

நான் காரின் பின்பக்கம் ஓடி, பின் கண்ணாடி வழியாகக் கேமராவுக்குத் தெரியும்படி கையை ஆட்டினேன். சின்னம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு ஆட்டுத் தலைகளுக்கு நடுவே, வெகுதூரத்தில், நாங்கள் இருவரும் ஊமை பாஷையில் சாவி திருகிக் காட்டுவது அங்கே ஹால் முழுக்கத் தெரிந்ததாம்.

“சாவி உள்ள இருக்குதா?” என்றது அண்ணன் குரல். நான் தலையாட்டினேன். “உப்பளத்து ரோடா?” மறுபடி தலையாட்டினேன். “அங்க எதுக்குடி போன?” அதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல வழியில்லை.

அவன் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருந்தோம். இன்று நினைத்தால் அந்த நேரத்தின்மேல்தான் எனக்கு ஆசை அதிகம். லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு லாரி நிழலில் எங்களுக்கு இடம் விட்டார். சின்னம்மா முதலில் பட்டுப்புடவைக்காக நின்றுகொண்டே இருந்தார். பிறகு கோணிமேல் உட்கார்ந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தித் தண்ணீரில் காலை விட்டார். “சூடா இருக்குது, வலிக்கு நல்லா இருக்குது” என்றார். செல்வி அக்காவின் தூக்கிலிருந்து மோர் கைமாறியது. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் எப்போது போட வேண்டும் என்று சின்னம்மாவுக்கும் உப்பளத்துப் பெண்களுக்கும் சண்டையே வந்துவிட்டது. கொக்குகள் வரிசையாக நின்று பார்த்தன. காருக்குள் இரண்டு பேரும் வயிறு நிறைந்து, ஏசியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கமிருந்து ஒரு கார் வந்தது. அண்ணன் இறங்கினான், புது ஷெர்வானியில். அவனுக்குப் பின்னால், ஓட்டிக்கொண்டு வந்த ஹமீது மாமா இறங்கினார். இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

அண்ணன் ஸ்பேர் சாவியை அமுக்கினான். கதவு திறந்துகொண்டது. ஆடுகள் இறங்கவில்லை. வெயில் உள்ளே வருகிறது என்று ரஸ்க் முகத்தைச் சுளித்தது. கொம்பைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினோம். அப்புறம் எல்லோரும் பின் சீட்டைப் பார்த்தோம். மாலை இருந்த இடத்தில் நார் இருந்தது. ஆப்பிள்களில் பல் பட்டிருந்தது. வாழைப்பழம் தோலோடு போயிருந்தது. புடவையும் வளையலும் மட்டும் பிழைத்தன. உலர்திராட்சைத் தட்டு பாதி காலி, ஆனால் பார்ப்பதற்கு நிறைந்தே இருந்தது. அதில் எது திராட்சை, எது சேமியா போட்டது என்று பிரித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

ஹமீது மாமா ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார், பரீட்சைப் பேப்பர் திருத்துபவர் மாதிரி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அழுதுகொண்டே, “மன்னிச்சிடுங்க மாமா, இதுங்க நான் வளத்தது, அண்ணன் மேல தப்பில்ல” என்றேன்.

“பொண்ணு வீட்டுல நாங்க சாப்பிட வேண்டியது” என்றார் அவர் மெதுவாக. “மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களே சாப்பிட்டுட்டாங்க. சரி, வீட்டுக்குள்ளதானே.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே ஏதோ நடந்தது. அண்ணன் மூச்சு விட்டான்.

“தட்டெல்லாம் காலியா இருக்குதே” என்றேன்.

“காலித் தட்டோட நான் சம்பந்தி வீட்டுப் படி ஏற மாட்டேன்” என்று சின்னம்மா எழுந்தார். நனைந்த புடவைக் கரையைப் பிழிந்துவிட்டு, “செல்வி, அந்தக் குவியல்ல நல்ல வெள்ளையா பாத்து எடு” என்றார். பெண்கள் தட்டுகளை வாங்கிக்கொண்டு போய், கழுவித் துடைத்து, புது உப்பை மலைபோல் குவித்துக் கொண்டுவந்தார்கள். கிழிந்த ரிப்பன்களில் நன்றாக இருந்ததை எடுத்துச் செல்வி அக்கா மேலே சுற்றினார். வெயிலில் அது கண் கூசியது. ஹமீது மாமா ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, “உப்புதான் மொதல்ல வெக்கணும்” என்றார்.

ஆடுகளைச் செல்வி அக்காவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்தார். “ஷாஹினா கூட்டிட்டு வரச் சொல்லிட்டா. வராம போனா என்னைத்தான் கேப்பா.”

அண்ணன் டிரைவர் சீட்டுக்குப் போனான். மாமா அவன் தோளைத் தொட்டு, “நீ மாப்பிள்ளை, அந்த வண்டிய எடுத்துட்டு வா. இத இந்தப் பொண்ணே ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டு என் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை தன் நிச்சயத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற அம்மாவின் சட்டம் அங்கே உடைந்தது. பின்னால் சின்னம்மா, இரு பக்கமும் ஆடுகள், மடியில் உப்புத் தட்டு. எதிரே நின்ற காரை அண்ணன் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய் வழிவிட்டான். நான் நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் கழித்து மாமா, “ஏம்மா, கோட்டக்குப்பம் அந்தப் பக்கம்தானே?” என்று கேட்டார்.

“ரிவர்ஸ் வராதுங்க மாமா. சுத்திக்கிட்டுதான் போவணும்.”

அவர் யோசித்தார். “பரவால்ல. கடலப் பாத்துக்கிட்டே போவலாம்” என்றார்.

நிச்சயம் நடந்தது. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அண்ணி வந்த பிறகு ஆடுகளுக்கு வீட்டில் செல்வாக்கு இன்னும் கூடியது. ரஸ்க்கும் சேமியாவும் வயதாகித்தான் போய்ச் சேர்ந்தன, இரண்டும் முற்றத்திலேயே. சேமியா கண்ணை மூடிய அந்த வாரம் முழுக்க அண்ணி காரைத் துடைக்க விடவில்லை, பின் கண்ணாடியில் அது நக்கிய தடம் இருந்தது என்று. நான் இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். தினமும் அந்த நெரிசலில் ஓட்டுகிறேன். ரிவர்ஸும் வந்துவிட்டது.

என் நிக்காஹ் போன வருஷம் நடந்தது. மாப்பிள்ளை இர்ஃபான் ரொம்பக் கூச்ச சுபாவம். அளவாக வெட்டிய, அழகான தாடி வைத்திருப்பார். நிக்காஹ் முடிந்து பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டித் தழுவி வாழ்த்தினார்கள். ஹமீது மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார். இர்ஃபானின் முகத்துக்கு அருகில் போய், தாடியை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பிய எங்கேயோ பாத்திருக்குறேன்” என்றார். “அன்னைக்கு உப்பளத்துல கார் ஓட்டுனது நீங்கதானே?”

இர்ஃபானுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. பெரியவர் கேட்கிறாரே, மறுத்துப் பேசினால் மரியாதையாக இருக்காதே என்று நினைத்து, பணிவாகத் தலையைக் குனிந்து, “ஆமாங்க மாமா” என்றுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவரை இர்ஃபான் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கோட்டக்குப்பத்துக்கு ஃபோன் செய்தால் ஹமீது மாமா முதலில் கேட்பது, “ரஸ்க் சாப்பிட்டாரா?” என்றுதான்.